முதுகில் விழுந்த கோடு

"உன் தோலுல எத்தினி தழும்பு இருக்குது?"

நயீம் அகமது சாயபு சவுரியம்மாளிடம் முதன்முதலாகக் கேட்ட கேள்வி இதுதான். ஆம்பூரில் பாலாற்றை ஒட்டிய தோல் ஷாப்புக்குப் பின்னால், பதனிட்ட தோல்களைக் காயப்போடும் களத்தை அன்று பெருக்கி, சுண்ணாம்பால் கோடு கிழித்து மைதானம் ஆக்கியிருந்தார்கள். ஊர்ப் பெண்பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். அவர்களைப் பெற்றவர்கள் பட்டைக் குவியல் நிழலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அத்தனை பேர் நடுவில்தான் இந்தக் கேள்வி.

சவுரியம்மாளுக்குப் பதின்மூன்று வயது. வீட்டுக்குள் அம்மாவோடு ஓயாமல் வாயாடுவாள்; வாசற்படி தாண்டினால் வாயைப் பூட்டிச் சாவியை ஆற்றில் எறிந்துவிட்டவள் போல் இருப்பாள். அவள் குனிந்து முழங்கையைப் பார்த்தாள். பாவாடைக்குக் கீழே தெரிந்த கெண்டைக்காலைப் பார்த்தாள். தழும்புக்கு ஒன்றும் பஞ்சமில்லை. ஆனால் சொல்ல நாக்கு எழவில்லை.

சாயபு காத்திருக்கவில்லை. பெண்பிள்ளைகளைத் தொடக்கூடாது என்பதற்காக நீலச் சாக்கட்டியை ஒரு மூங்கில் குச்சியின் நுனியில் கட்டி வைத்திருந்தார். அதை எட்ட நீட்டி அவள் முதுகில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த பெண்ணிடம் போனார்.

ஒரு கோடு என்றால் முதல் தரம். இரண்டு கோடு இரண்டாம் தரம். மூன்று கோடு மூன்றாம் தரம். பெருக்கல் குறி என்றால் கழிவு.

விளையாட ஆள் எடுக்கிற இடத்தில் தோல் பார்க்கிறவருக்கு என்ன வேலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஆம்பூரில் யாரும் கேட்கவில்லை. தரம் பிரிப்பது என்றால் அந்த ஊரில் நயீம் அகமதைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு தோலைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார் என்றால், அந்த ஆடு உயிரோடு இருந்தபோது எந்த வேலியில் உரசியது என்பதுவரை சொல்லிவிடுவார் என்று பேச்சு.

இப்படி ஆள் எடுத்த சங்கத்துக்குப் பாலர் தேகப்பயிற்சி சங்கம் என்று பெயர். அதன் தலைவர், ஷாப்பு முதலாளி அப்துல் சமத் சாயபு. தங்கமான மனுஷர். உலகத்தில் உள்ள சகலத்துக்கும் நாலு தரம் உண்டு என்பது அவருடைய கொள்கை. மாம்பழத்துக்கு நாலு தரம், மழைக்கு நாலு தரம், மருமகனுக்கு நாலு தரம். சங்கத்தின் காரியதரிசி, பட்டை வியாபாரி கோதண்டபாணி முதலியார். தோல் பதனிட ஆவாரம்பட்டை கொடுக்கிறவர். முதலாளி எது சொன்னாலும் அதற்கு ஒரு தீர்மானம் எழுதி நிறைவேற்றுவது அவருடைய சந்தோஷம்.

சங்கத்தில் முதலில் பையன்கள் மட்டும்தான் இருந்தார்கள். போன வருஷப் பரிசளிப்புக்கு ஜில்லா துரையின் சம்சாரம் வந்திருந்தாள். தொப்பி போட்ட ஒல்லியான துரைசானி. கோப்பையைக் கொடுத்துவிட்டு அவள் சும்மா இருக்கவில்லை, "பெண்பிள்ளைகள் எங்கே?" என்று கேட்டுவிட்டாள். அவள் பேச்சுக்குக் கேட்டாள். முதலாளி அதை வியாபாரமாக எடுத்துக்கொண்டார்.

"முதலியாரே, ஆர்டர் வந்தாச்சு. அடுத்த வருசம் சரக்கு தயாரா இருக்கணும்."

"ஆகட்டுங்க மொதலாளி. பாலிகையர் பிரிவு ஒண்ணு தீர்மானம் போட்டுர்றேன்."

பூப்பந்து ஆடுவது என்று முடிவாயிற்று. ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். கம்பளி நூல் பந்து. பந்து தரையில் விழாமல் மட்டையால் வலைக்கு மேலே திருப்பி அனுப்ப வேண்டும். ஜெயிக்கும் டீமுக்குக் கோப்பை. அந்த டீமில் நன்றாக ஆடியவளுக்கு ஒரு மெடல்.

அந்த மெடலில்தான் சவுரியம்மாளின் உயிர் இருந்தது.

வேலூர் மிஷன் போர்டிங் பள்ளிக்கூடத்தார் சங்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, மெடல் வாங்குகிற பெண்ணைத் தங்கள் பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்காமல் சேர்த்துக்கொண்டு, சோறும் போட்டுப் படிக்க வைப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சவுரியம்மாள் படித்த சின்னப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு சுவர் வந்துவிட்டது. அவளுடைய அப்பா சவரிமுத்து ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோல் அலசுகிறவர். அவர் கூலியில் வேலூர்ப் படிப்பு நினைத்துப் பார்க்கிற காரியமில்லை. பள்ளிக்கூடம் நின்ற நாளிலிருந்து, அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோவதுதான் அவள் வேலை. கஞ்சி ஆறிப்போகக் கூடாது என்று ஆற்றுமணலில் ஓட்டமாக ஓடுவாள். விழுவாள். கஞ்சிக் கலயத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்காலைக் கொடுப்பாள். தழும்புகள் வந்த வழி இதுதான்.

ஊரில் அவளைப் போல் ஓடுகிற பெண் கிடையாது. இது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அவள் அம்மா ராஜம்மாள் அன்று அவளுக்குத் தலைவாரிக் களத்துக்குக் கூட்டிவந்தாள். ஓடச் சொல்வார்கள், ஓடிக் காட்டுவாள் என்று நினைத்தாள். யாரும் ஓடச் சொல்லவில்லை. ஓடிக் காட்டினால் தோல் வியர்த்துவிடும், பார்க்க வசதிப்படாது என்று நயீம் அகமது சொல்லிவிட்டார்.

அன்றைக்கு ஒரு சிக்கலும் வந்தது. வரிசையில் பாதிப் பெண்களுக்குக் கையில் அம்மை குத்திய வடு இருந்தது. சூடு போட்ட மாட்டுத்தோல் எப்படி முதல் தரமாகும் என்று நயீம் அகமது ஒவ்வொருத்திக்கும் இரண்டு கோடு போட்டுக்கொண்டே வந்தார். கோதண்டபாணி முதலியார் பதறிப்போனார். அவருடைய மகள் சம்பூர்ணத்தின் கையிலும் அந்த வடு இருந்தது.

"சாயபு, அது சர்க்கார் போட்ட தழும்பு! அதக் குத்தம் சொல்லலாமா?"

"சர்க்கார் போட்டா மட்டும் தோலு தானா மூடிக்குமா?"

"மொதலாளி, நீங்களே சொல்லுங்க. சர்க்காரு தழும்ப பழுதுன்னு சொன்னா, நாளைக்கு துரைசானி காதுல விழுந்தா..."

முதலாளி தாடியைத் தடவினார். சர்க்கார் தழும்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று அந்த இடத்திலேயே ஒரு தீர்மானம் நிறைவேறியது. சம்பூர்ணத்தின் முதுகில் இருந்த இரண்டு கோட்டில் ஒன்றை முதலியார் தம் துண்டாலேயே துடைத்தார்.

அப்படியாக, முதல் தர டீம் அமைந்தது. வெயில் படாத, முள் குத்தாத, ஒரு தடவைகூட ஓடிக் கீழே விழாத ஐந்து பெண்கள். தலைவி சம்பூர்ணம்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பிள்ளைகள் சவுரியம்மாளின் முதுகைப் பார்த்து, "கழிவு, கழிவு" என்று கத்திக்கொண்டு பின்னால் வந்தார்கள். ராஜம்மாள் திண்டாடிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஏண்டி, அந்த ஆளு கேட்டப்ப வாயத் தொறந்து ஒண்ணுமில்லேன்னு சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"இருக்குதே."

"இருந்தா இன்னா? உள்ளதெல்லாம் சொல்ல அது சாமியாருகிட்டப் பண்ற பாவசங்கீர்த்தனமா?"

"நான் ஒண்ணுமே சொல்லலியேம்மா."

"அதத்தாண்டி நானும் சொல்றேன்!"

சட்டையைத் துவைத்துப் போட்டாள். ஆனால் துவைத்துப் பிரயோஜனமில்லை. தரம் மறந்து பெண்கள் கலந்துவிடக் கூடாது என்று, ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் நயீம் அகமதின் குச்சி வந்து மறுபடி குறி போட்டுவிட்டுப் போகும்.

தரத்துக்குத் தக்க மட்டை கொடுத்தார்கள். முதல் தரத்துக்குப் பட்டணத்திலிருந்து வந்த புது மட்டை. இரண்டாம் தரத்துக்குப் பையன்கள் ஆடிக் கழித்தது. மூன்றாம் தரத்துக்கு நரம்பு தொங்குவது. கழிவுக்கு மட்டை கிடையாது. பந்து பொறுக்குகிற வேலை. பந்து சுவர் தாண்டிப் பட்டைக் குவியலில் விழுந்தாலும், தொட்டி ஓரம் உருண்டாலும், ஓடி எடுத்துவர வேண்டும்.

முதல் தரத்துக்கு இன்னொரு குறை இருந்தது. அவர்களோடு எதிர்த்து ஆட யாரும் கிடைக்கவில்லை. இரண்டாம் தரத்துப் பெண்களோடு ஆடவிட்டால், இரண்டாம் தரம் ஜெயித்துத் தொலைத்தது. அது ஒழுங்குக்கு விரோதம் என்று முதலியார் அதை நிறுத்திவிட்டுக் கழிவுப் பெண்களைக் கூப்பிட்டார். ஆளுக்கு ஓர் உடைந்த மட்டையைக் கொடுத்தார்.

"இந்தா பாருங்க பொண்ணுங்களா. நீங்க ஆட வாணாம். அவங்க ஆடணும். அவங்க மட்டை எங்க இருக்குதோ, அங்க கொண்டுபோயி பந்தப் போடணும். இன்னா, வெளங்கிச்சா?"

சவுரியம்மாளுக்கு நன்றாகவே விளங்கியது. சம்பூர்ணம் மட்டையை எங்கே வைத்துக்கொண்டு நின்றாலும், பந்து தானாக வந்து அதில் மோதும்படி அனுப்பப் பழகினாள். சம்பூர்ணம் ஓர் அடிகூட எடுத்துவைக்க வேண்டியதில்லை. களத்து ஓரத்தில் நின்ற பெற்றோர்கள், "பாரு பாரு, எப்பிடி அடிக்கிறா!" என்று சம்பூர்ணத்தை மெச்சிக்கொண்டார்கள். சம்பூர்ணம் மட்டும் ஏமாறவில்லை.

அவள் குண்டான, நல்ல பெண். வாய் ஓயாது. பயிற்சி முடிந்ததும் பட்டைக் குவியலில் வந்து உட்கார்ந்துகொண்டு, மடியில் கட்டிவந்ததைத் தின்றபடி சவுரியம்மாளிடம் பேசுவாள். சவுரியம்மாள் பதில் பேசமாட்டாள் என்பது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

"நீதாண்டி போடுற பந்த. நான் சும்மா நிக்கிறேன். எனக்குத் தெரியாதா? இந்தா, முறுக்கு தின்னு. ஓடுனா எனக்கு மூச்சு வாங்குதுடி. எங்கப்பாகிட்டச் சொன்னா, மொதத் தரத்துக்கு மூச்சு வாங்காதுன்றாரு. அந்த மெடலு வேற எனக்குத்தானாம். மெடல் வாங்குனா வேலூருக்கு அனுப்பிடுவாங்களாமே, மெய்யாவா? போர்டிங்குல களிதான் போடுவாங்களாம். காலைல களி, சாயங்காலம் களி. நெனச்சாலே பேஜாரா இருக்குது. அப்பாவுக்கு இன்னா, மேடைல எம்பேரு வந்தாப் போதும்."

சவுரியம்மாள் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள். களிதான் அவள் வீட்டிலும். அதைத் தின்றுகொண்டே புஸ்தகம் படிக்கலாம் என்றால் அவளுக்கு வேறென்ன வேண்டும்.

பரிசளிப்பு நாள் வந்தது. களத்தில் பந்தல் போட்டு, வாழைமரம் கட்டி, ஆற்காட்டு மக்கன் பேடா தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைத்தார்கள். தோல் வாசனை துரைசானிக்குத் தெரியாமலிருக்கப் பன்னீர் தெளித்தார்கள். பன்னீரும் தோலும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு வாசனை கிளம்பிற்று.

கோப்பை மேஜைமேல் இருந்தது. அதில் "ஜெயம் பெற்ற முதல் தர டீம்" என்று வேலூரில் கொடுத்து ஏற்கெனவே வெட்டியாயிற்று. மெடலில் "முதல் தரம்" என்று மட்டும் இருந்தது. பெயர் வெட்டவில்லை. கமிட்டியில் ஒவ்வொருத்தரும் தம்தம் பெண்ணின் பெயரைச் சொன்னதால், கடைசியில் வெற்றிடமாகவே விட்டுவிட்டார்கள்.

எதிர்த்து ஆட வாணியம்பாடிப் பெண்கள் வருவதாக ஏற்பாடு. அவர்கள் வரவில்லை. ரயிலைத் தவறவிட்டார்களா, மாமரக் காய்ப்புப் பார்க்கப் போய்விட்டார்களா, ஒன்றும் தெரியவில்லை. துரைசானி வந்து உட்கார்ந்தாயிற்று. முதலியார் ஒரு நிமிஷம்தான் யோசித்தார்.

"கழிவோட ஆடவுடலாம் மொதலாளி. தோக்கறதுக்கு அதவிட தோதான டீமு கிடைக்காது."

கழிவுப் பெண்களைக் கூப்பிட்டுப் பழைய பாடத்தையே ஒப்பித்தார். "வழக்கம்போலத்தான். மட்டை இருக்கிற எடத்துக்கு."

சவுரியம்மாள் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு வலைக்கு இந்தப் பக்கம் நின்றாள். முதுகில் பெருக்கல் குறி வெயிலில் நீலமாகத் தெரிந்தது. அப்பா தொட்டியிலிருந்து சுண்ணாம்பு காயாத கால்களோடு ஏறிவந்து, பந்தலுக்கு வெளியே நிற்பதைப் பார்த்தாள். அவளுக்கு ஒரே ஒரு விஷயம் தோன்றிற்று. மட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்தவளுக்கு, எங்கே இல்லை என்பதும் தெரியும்.

முதல் பந்தை மட்டை இல்லாத இடத்துக்கு அனுப்பினாள்.

சம்பூர்ணம் அசையாமல் நின்று, பந்து தன்னைத் தாண்டிப் போய் விழுந்ததை ஆச்சரியத்தோடு பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். மற்ற நாலு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அதுவரை பந்து அவர்களைத் தேடித்தான் வந்திருக்கிறது. அவர்கள் பந்தைத் தேடிப் போனதில்லை. இரண்டாவது பந்துக்கு ஒருத்தி ஓடப் பார்த்தாள். ஓடினால் பின்னல் அவிழும் என்று அவள் அம்மா பந்தலிலிருந்து குரல் கொடுத்தாள். அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்வது தப்பு. சம்பூர்ணத்தின் டீம் நின்றது, பந்து விழுந்தது.

முதலில் கையைத் தட்டியவள் துரைசானிதான். பெஞ்சில் இருந்தவர்கள் அவளைப் பார்த்துத் தாங்களும் தட்டினார்கள். முதலியார் முகத்தில் ஈயாடவில்லை.

பந்தலுக்குப் பின்னால் கமிட்டி கூடிற்று. வலையைச் சுருட்டி எடுத்துவரப் போன சவுரியம்மாளுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"இன்னா நயீம் இது?" என்றார் முதலாளி.

"ஆட்டம் என் வேலை இல்ல மொதலாளி. நான் தோலு பாத்தேன். தரம் சரியாத்தான் போட்டிருக்கேன்."

"கப்புல மொதத் தரம் ஜெயிச்சதா வெட்டி வெச்சாச்சே சாயபு!" என்றார் முதலியார். "துரைசானி உக்காந்துனு இருக்காங்க. இப்ப இன்னா பண்றது?"

முதலாளி தாடியைத் தடவினார். அவர் தாடியைத் தடவினால் ஒரு யோசனை வராமல் போகாது. "லண்டன்ல ஏலத்துல தோலு கட்டப் பிரிச்சா பாக்கறான்? மேல நம்ம மார்க்கு இருக்குதான்னு பாக்கறான், எடுத்துக்கறான். ஜெயிச்சது மொதத் தரம்னு கப்புல மார்க்கு இருக்குது. அப்ப ஜெயிச்ச பொண்ணுங்க மொதத் தரமா இருக்கணும். அவ்ளோதானே? நயீம், அந்தப் பொண்ணுங்க குறிய அழிச்சிட்டு ஒத்தக் கோடு போட்டுரு."

"ஆகா!" என்றார் முதலியார். "தீர்மானம் போட்டுர்றேன்."

நயீம் அகமது குச்சியைத் தரையில் ஊன்றினார். "தரம் எறங்கும் மொதலாளி. ஏறாது. முப்பது வருசமா நான் ஒரு தோலையும் மேல ஏத்துனது கெடையாது. வேணும்னா ஒண்ணு பண்றேன். தோத்த அஞ்சு பேரையும் கழிவுக்கு எறக்கித் தர்றேன். எல்லாம் ஒண்ணாயிடும்."

"ஐயையோ, அதுல ஒண்ணு எம்பொண்ணு சாயபு!"

"அதுக்கு நான் இன்னா பண்ண?"

"நயீம்," என்றார் முதலாளி. அவ்வளவுதான் சொன்னார். சம்பளம் கொடுக்கிறவர் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தினால், மீதியைக் கேட்கிறவர்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

நயீம் அகமது மெல்ல நடந்து சவுரியம்மாள் முன்னால் வந்து நின்றார். பொய்க் குறி போட அவருக்குக் கை வரவில்லை, போடாமலிருக்கவும் முடியாது. ஏதாவது ஒரு நியாயம் கிடைக்காதா என்று தேடுகிறவர் போல, அதே கேள்வியை மறுபடி கேட்டார். இந்தத் தடவை கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"சொல்லும்மா. உன் தோலுல எத்தினி தழும்பு இருக்குது?"

ஒரு கோடு விழுந்தால் முதல் தரம். முதல் தரமானால் மெடல். சவுரியம்மாள் சுருட்டிய வலையைக் கீழே வைத்தாள். எங்கிருந்தோ குரல் வந்துவிட்டது.

"எண்ணிப் பாக்கல சாயபு. எல்லாம் ஆறிப்போச்சு."

நயீம் அகமது குச்சியைக் கைமாற்றிப் பிடித்தார். உயிரோடிருக்கும்போது பட்ட கீறல் ஆறும், தோலை உரிக்கும்போது பட்ட கத்திக் கீறல் ஆறாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆறின தழும்புக்குக் கொஞ்சம் சலுகை காட்டலாம் என்று அவர்கள் தொழிலிலேயே வழக்கம் உண்டு. ஆனால் இத்தனை வருஷத்தில் அவர் தரம் பிரித்த தோல் எதுவும் எழுந்து நின்று பதில் சொன்னதில்லை.

"ஆறிப்போச்சா? அப்ப சரி. ஆறினது வேற கணக்கு" என்று நிம்மதியாகச் சொன்னார். ராஜம்மாளைக் கூப்பிட்டுப் பெருக்கல் குறியைத் துடைக்கச் சொன்னார். குச்சியை நீட்டி, முதுகில் நெட்டாக ஒரு கோடு இழுத்தார். அழகான கோடு. அதேபோல மற்ற நாலு பெண்களுக்கும் இழுத்தார்.

"சேசுவே!" என்றாள் ராஜம்மாள். பந்தலுக்கு வெளியே நின்ற சவரிமுத்து ஒன்றும் புரியாமல் சிரித்தார்.

ஆனால் தீர்மானம் எழுதுகிறவர் முதலியார் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

முதலியார் மேடை ஏறித் தொண்டையைக் கனைத்தார். இன்றைய ஆட்டத்தில் முதல் தர டீமே ஜெயம் பெற்றது என்றார். அந்த டீமில் இப்போது பத்துப் பேர் என்றார். கடல் போன்ற அந்த டீமுக்குத் தலைவி இல்லாமல் ஜெயம் ஏது, தலைவியே நன்றாக ஆடியவள் என்பது சாஸ்திரம், ஆகையால் மெடல் செல்வி சம்பூர்ணத்துக்கு என்றார். புதிதாக முதல் தரம் ஆன பெண்களைச் சங்கம் மறந்துவிடவில்லை. அவர்களுடைய மேனியைப் பரிபாலிக்கும் பொருட்டு ஆளுக்கு ஒரு வாசனைச் சோப்பு என்றார்.

துரைசானிக்குத் தமிழ் தெரியாது. யாரை மேடைக்குத் தள்ளினார்களோ, அவள் கழுத்தில் மெடலைப் போட்டாள். சம்பூர்ணம் தலை குனிந்து வாங்கிக்கொண்டாள். பந்தைத் திருப்பி அடித்த பெண் எங்கே என்று துரைசானி ஒரு தடவை சுற்றுமுற்றும் பார்த்தாள். அதற்குள் மாலை வந்துவிட்டது, பேடாத் தட்டு வந்துவிட்டது, மோட்டார் வந்துவிட்டது. போய்விட்டாள்.

சவுரியம்மாள் சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு பட்டைக் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. கழிவாக இருந்தபோது தோற்றிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. முதல் தரமாக்கித்தான் அவளைத் தோற்கடித்தார்கள்.

அப்போது களத்து வாசலில் ஒற்றைமாட்டு வண்டி வந்து நின்றது. வெள்ளைப் புடைவை கட்டிய ஓர் அம்மாள் இறங்கினாள். வேலூர் போர்டிங்கிலிருந்து அமிர்தவள்ளி டீச்சர். காட்பாடியில் ரயில் தாமதமாகி, எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்திருக்கிறாள். திரும்புகிற ரயிலுக்கு அதிக நேரமில்லை.

"மெடல் வாங்கின பொண்ணு யாரு? கூட்டிட்டு வாங்க, சீக்கிரம். ரயிலு நிக்காது."

முதலியார் அப்போது மோட்டாருக்குப் பின்னால் கும்பிட்டுக்கொண்டே தெருக்கோடிவரை போயிருந்தார். முதலாளி தொழுகைக்குப் போயிருந்தார். பதில் சொல்ல யாரும் இல்லை.

பட்டைக் குவியலைச் சுற்றிக்கொண்டு சம்பூர்ணம் ஓடிவந்தாள். அவள் ஓடியதை ஊர் பார்த்தது அன்றைக்குத்தான். கையில் ஒரு பேடாவும், வாய் கொள்ளாமல் இரண்டு பேடாவும் இருந்தன. ஓயாமல் பேசுகிறவளுக்கு, இத்தனை நாளில் முதல் தடவையாகப் பேச வழியில்லை. மூச்சு வாங்க, கண்ணில் நீர் முட்ட, களி, களி என்று சொல்வது போலக் கையால் கிண்டிக் காட்டினாள். பிறகு மெடலைக் கழற்றிச் சவுரியம்மாள் கழுத்தில் மாட்டினாள். அவள் கையிலிருந்த சோப்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இங்கதானா இருக்கே?" என்று டீச்சர் அதற்குள் அங்கேயே வந்துவிட்டாள். சவுரியம்மாளின் முகத்தை அவள் சரியாகப் பார்க்கவில்லை. மெடலைப் பிடித்துத் திருப்பி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்தைப் படித்தாள். "முதல் தரம். சரி. ஏறும்மா வண்டில. அப்பா அம்மா எங்கே? ஏன், நீதானே ஆடி ஜெயிச்சது?"

சவுரியம்மாள் சம்பூர்ணத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

சம்பூர்ணம்தான் தலையை ஆட்டினாள். கன்னம் இரண்டும் உப்பியிருக்க, பின்னல் ஆட, ஆமாம் ஆமாம் என்று பலமாக ஆட்டினாள். டீச்சருக்கு அது போதுமாயிருந்தது. அவள் ராஜம்மாளைத் தேடிக்கொண்டு பந்தல் பக்கம் திரும்பினாள்.

சம்பூர்ணம் சோப்பை மூக்கருகே வைத்து ஒரு தடவை ஆழமாக முகர்ந்தாள். சவுரியம்மாளின் முதுகில் இருந்த நீலக் கோட்டை, வேலூரில் யாரும் பார்க்காதபடி, உள்ளங்கையால் இரண்டு தேய்ப்புத் தேய்த்து அழித்தாள். பிறகு வாயில் இருந்ததை மென்றுகொண்டே வீட்டைப் பார்த்து நடந்துபோய்விட்டாள்.